எஃகுக் கம்பியில் ஒரு காலை

ராயபுரத்தில் நான் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்த அச்சகத்துக்கு அவர் முதல்முறையாக வந்தபோது கையில் ஒரே ஒரு தாள் வைத்திருந்தார். அதில் மொத்தம் ஏழு வரிகள். வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். முதல் வரி, 'கப்பல் கூவுகிறது'. அதற்குக் கீழே நாலு விரற்கடைக்கு ஒன்றும் இல்லை. பிறகு, 'ஒரு காகம்'. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமை.

"இன்னாக்கா, நடுவுல வர்றத எழுத மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மறக்கல தம்பி. அங்க ஒண்ணும் கேக்கல. அதான் ஒண்ணும் எழுதல."

எனக்கு எரிச்சலாக இருந்தது. கையால் அச்சுக் கோர்ப்பவனுக்குத்தான் தெரியும், தாளில் வெறும் இடம் சும்மா வந்துவிடாது. எழுத்து இல்லாத ஈயத் துண்டுகளை வரிசை வரிசையாக அடுக்கி இறுக்கினால்தான் நடுவில் இடம் நிற்கும். ஏழு வரிக்கு வேண்டிய எழுத்து ஒரு கைப்பிடி. அவர் கேட்ட வெறுமைக்கு எங்கள் அச்சகத்தில் இருந்த ஈயம் முழுவதும் தேவைப்பட்டது. அதை அவரிடமே சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "எங்க, அந்தத் துண்டைக் காட்டு" என்று வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்ளோ கனமா இருக்கு! எவ்ளோ நாளாகும்னாலும் பரவாயில்ல தம்பி. நான் சொன்ன அளவு குறையாம விடு."

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெட்டையான உடம்பு. நூல் சேலை கட்டி, காலில் ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். சொந்த ஊர் தூத்துக்குடி. அண்ணன் ராயபுரத்தில் கயிறு, பெயிண்ட், கிரீஸ் கடை வைத்துக் கப்பல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். யுத்தத்தின்போது இவர் பட்டாளத்துப் பெண்கள் பிரிவில் சேர்ந்து தந்தி வேலை, டெலிபோன் வேலை எல்லாம் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்ததும் பட்டாளம் வேண்டாமென்று ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு ஒலிப்பதிவு மிஷினை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த மிஷினில் கிராமபோன் மாதிரித் தட்டு கிடையாது. தலைமயிரைவிட மெல்லிய எஃகுக் கம்பி, ஒரு உருளையில் மைல் கணக்கில் சுற்றியிருக்கும். அது ஒரு உருளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓட ஓட, அக்கம்பக்கத்துச் சத்தமெல்லாம் அதில் பதிந்துவிடும். ஒரு கம்பி ஒரு மணி நேரம் ஓடும். அறுந்துபோனால் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டலாம். ஆனால் கேட்கும்போது முடிச்சு வந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முடிச்சு விழுந்த கம்பியை அவர் ஓரமாக ஒதுக்கிவிடுவார்.

முடிச்சில்லாத ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தாள் அச்சடிப்பார். நாற்பது பிரதிகள். அந்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன கேட்டது, எதற்கு அப்புறம் எது கேட்டது, நடுவில் எவ்வளவு நேரம் ஒன்றும் கேட்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். 'ஏடு' என்று சொல்லுவார். அதில் அவர் பெயர் இருக்காது. யார் பெயருமே இருக்காது.

அவருக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. பேசிக்கொண்டே இருக்கும்போது துறைமுகத்தில் கப்பல் கூவினால் இடது கையை லேசாக உயர்த்துவார். நாமும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூவல் அடங்கி, அது கிடங்குச் சுவர்களில் மோதித் திரும்பி வருவதும் அடங்கிய பிறகுதான் கை இறங்கும். விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடருவார். ஒருநாள் டோல்கேட்டில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தது. இவர் ஏறவில்லை. எதிரே ஒரு பட்டறையில் ஒருவன் தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏறும்மா ஜல்தியா! இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறே?" என்று கண்டக்டர் கத்தினார்.

"நீங்க போங்க. அவன் இன்னும் மூணு ஆணி அடிக்கணும்."

பஸ் போய்விட்டது. மூன்று ஆணிகள்தான் அடித்தான். நான் எண்ணினேன்.

மிஷினுக்கு லாரி பேட்டரி வேண்டும். இரண்டையும் ஏற்றிப்போகக் கன்னியப்பன் என்ற ரிக்‌ஷாக்காரர் வாடிக்கையாக வருவார். கையால் இழுக்கிற ரிக்‌ஷா. அவர் இழுத்துக்கொண்டு ஓட, அக்கா பக்கத்தில் நடப்பார். உட்காருகிற இடத்தில் மிஷின்தான் உட்கார்ந்திருக்கும். "பொட்டிக்கு மவராசி மாதிரி சவாரி, அம்மாவுக்கு நடராஜா சர்வீஸு" என்று கன்னியப்பன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு காலையில் நானும் கூடப் போனேன். கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் மிஷின் ஓடிய பிறகுதான் மீன்காரப் பெண்கள் கவனித்துச் சுற்றி வந்தார்கள்.

"இன்னாம்மா இது, பாட்டுப் பொட்டியா? ஒரு பாட்டு போடு, கேப்போம்."

"பாட்டு இல்ல. உள்ள நீங்கதான் இருக்கிய" என்று சொல்லி, கம்பியைத் திருப்பிச் சுற்றிப் போட்டுக் காட்டினார்.

தன் குரலைக் கேட்டதும் ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயே, இது நான் இல்ல. நான் இப்டியா கத்திக்கினு கீறேன்?"

"நீயேதான்டி! தெனம் எங்க காது கீயுறது இப்பத்தான் உனுக்குத் தெரியுதா?" என்று மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தபா போடும்மா" என்றாள். போட்டார். "இன்னொரு தபா." மறுபடியும் போட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு, "எங்கம்மா கொரலு மாதிரியே கீது. அது செத்து பத்து வருசம் ஆவுது" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அக்கா அவள் கூட்டத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில், மாதாகோயில் பள்ளிக்கூடத்து ஹாலில் கம்பியைப் போட்டுக் காட்டுவார். முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு ஏடு கொடுத்தார். 'துறைமுகத்தில் சாப்பாட்டு வேளை' என்ற கம்பி. கால் மணி நேரத்தில் ஐந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். என் முதலாளி அதில் முதல் ஆள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர் நழுவினார்கள்.

நானும் எழுந்திருக்க நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் கம்பியில் கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. சங்கிலிகள் நின்றன. மேஸ்திரிகளின் கூச்சல் ஓய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது. மர போட்டுகளின் வயிற்றில் தண்ணீர் மெல்லத் தட்டுகிற சத்தம். ஒரு போட்டு அல்ல, நூறு போட்டு. நான் பிறந்தது அந்தத் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில். என் அப்பா அங்கே மூட்டை தூக்கினவர். அத்தனை வருஷத்தில் அங்கே தண்ணீர் இருப்பதை என் காது ஒருநாளும் கவனித்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையிலிருந்த ஏட்டைப் பார்த்தேன். நான் சலித்துக்கொண்டே ஈயம் அடுக்கி உண்டாக்கிய வெற்றிடத்துக்கு நடுவில், மிகச் சின்ன எழுத்தில், 'தண்ணீர்' என்று இருந்தது. அதைக் கோர்த்தவன் நான்தான். அன்றைக்குத்தான் படித்தேன்.

முடிவில் பாக்கி இருந்தது நானும் கன்னியப்பனும் ஓய்வு பெற்ற ஒரு சங்கீத வாத்தியாரும் அக்காவும்தான். வாத்தியார் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. இதுல ராகம் எது, தாளம் எது?"

"எனக்குத் தெரியல சார். இதை நான் செய்யலியே. அங்க இருந்துச்சு, கேட்டேன்."

வாத்தியார் ஏட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை எப்போன்னு சொல்லியனுப்பு" என்று சொல்லிப் போனார்.

இனி அந்த விபத்தைச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் கடலோரமாக ஒரு தொழிற்சாலை இருந்தது. பெயர் வேண்டாம். அதன் பாய்லர் கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்தில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு அக்காவும் கன்னியப்பனும் மொட்டைமாடியில் மிஷினை வைத்து ஓட்டினார்கள். ஏழு மணிக்கு ஷிப்டு மாறுகிற சங்கு ஊதியது. ஏழரை தாண்டியதும் பாய்லர் வெடித்தது. மாடி ஆடிப்போய்விட்டதாம். இருவரும் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ஆவியில் வெந்தவர்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். அக்காவின் முந்தானை முழுக்கக் கட்டுத்துணியாகப் போய்விட்டது. மிஷின் ஆள் இல்லாத மாடியில் கம்பி தீருகிறவரை தானே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் முனுசாமி, பாய்லரைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளி. கொட்டகையில் இருந்த மற்ற பதினாலு பேர் நேரத்தோடு ஓடித் தப்பித்திருந்தார்கள்.

அக்கா இரண்டு வாரம் அந்தக் கம்பியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் அச்சகத்துக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"கோர்த்து வை. அச்சடிக்க வேண்டாம். ப்ரூஃப் மட்டும் எடு."

வழக்கமான ஏடுதான். 'ஷிப்டுச் சங்கு. சைக்கிள்கள். பால்காரர். அலை.' கீழே வரவர இடைவெளி அதிகமாகிக்கொண்டே வந்தது. கடைசிக்கு முன்னால், 'தூரத்தில் யாரோ கூப்பிடும் குரல், மூன்று முறை.' அதற்கு அடுத்து, 'வெடி'. வெடிக்குப் பிறகு என்ன கேட்டது என்பதை அவர் எழுதவில்லை. நான் கோர்த்து ப்ரூஃப் எடுத்து வைத்தேன்.

அதே வாரம் கன்னியப்பன் ரிக்‌ஷாவைத் தெருவில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். அக்கா ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, விசாரணை வைக்கிறாங்களாம். பாய்லர் மேல கீற அபாய ஊதல அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடியே மேஸ்திரி ஊதிட்டாருன்னு கம்பெனி சொல்லுது. அதைக் கேட்டுத்தான் மத்தவங்க ஓடினாங்களாம். முனுசாமி குந்துன எடத்துலயே தூங்கிக்கினு இருந்தாராம். பாய்லர் வெடிச்சதுக்கே அவருதான் காரணமாம். நாம மாடிலதானே இருந்தோம்? உனுக்கு ஊதல் கேட்டுச்சா?"

"கேக்கல."

"எனுக்கும் கேக்கல. அப்பால அந்தப் பதினாலு பேரும் இன்னாத்துக்கு ஊதல் கேட்டுச்சுன்னு கைநாட்டு வெச்சாங்க?"

"வேலை போயிரும்னு பயந்திருப்பாங்க." அக்கா ப்ரூஃபை மடித்தார். "நமக்குக் கேக்கலன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஆனா மிஷினுக்கும் கேக்கலியே."

அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்கு அவருடன் நானும் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கடைச் சரக்கில் பாதி அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"வேற ஏதாவது சத்தத்தை அது மேல பதிஞ்சுரு. அழிஞ்சிரும்லா?"

"அழியும்."

"அப்போ அழிச்சிரு தங்கச்சி. நமக்கு எதுக்கு இந்த வம்பு? என் பொழப்பு அவங்க கையில இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. தெரிஞ்சதுனாலதான் உங்ககிட்ட முதல்ல வந்து சொல்லுதேன். நாளைக்கு ஊரு சொல்லி நீங்க கேக்கக் கூடாதுல்லா."

அண்ணன் கயிற்றுச் சுருள்களுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

விசாரணை ஒரு சர்க்கார் கட்டடத்தில் நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, கம்பெனி வக்கீல், தொழிலாளர் பக்கத்து வக்கீல், பின் பெஞ்சில் அந்தப் பதினாலு பேர். ஓரமாக முனுசாமியின் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மிஷினைத் தூக்கிவந்ததால் நானும் கன்னியப்பனும் வாசற்படி ஓரம் நிற்க முடிந்தது.

"அம்மா, வெடிக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் போட்டாப் போதும்" என்றார் தொழிலாளர் பக்கத்து வக்கீல்.

"முடியாது சார். மொதல்லேருந்து போடணும். என்னென்ன கேட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் எது கேக்கலன்னு தெரியும்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இது நம்பகமான சாட்சியே இல்லை. ஊதல் இருந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டியிருக்கலாம்."

அக்கா தன் பையிலிருந்து இன்னொரு உருளையை எடுத்தார். பழைய, முடிச்சு விழுந்த கம்பி. அதை ஓட்டினார். 'டக்.' "இது முடிச்சு. வெட்டினா ஒட்ட முடியாது, முடிச்சுத்தான் போடணும். போட்டா இந்தச் சத்தம் வரும். நீங்க எல்லாரும் கேளுங்க. ஒரு மணி நேரத்துல எங்கயாவது இந்த 'டக்' வந்துச்சுன்னா, இல்ல மேல வேற எதாவது பதிஞ்சு அலைச் சத்தம் நடுவுல அறுந்துச்சுன்னா, நான் சொல்லுறது பொய்."

அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "போடுங்கள்" என்றார்.

"ஃபேனை நிறுத்தச் சொல்லணும் சார்."

ஃபேன் நின்றது. கதவு ஜன்னல்களைச் சாத்தினார்கள். அக்கா கம்பியைப் போடுவதற்கு முன் அஞ்சலையிடம் குனிந்து, "வெடிச்சதுக்கு அப்புறமும் சத்தம் இருக்கும்மா. நீ வெளிய இருக்கியா?" என்று கேட்டார்.

"நான் கேக்கணும்கா" என்றாள் அவள்.

கம்பி ஓடத் தொடங்கியது. முதலில் எல்லோரும் 'டக்' வருகிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அலை கேட்டது. எங்கோ ஒரு வாளி கிணற்றில் விழுந்தது. ஏழு மணிச் சங்கு ஊதியதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசல் கேட்டில் ஊதுகிற சங்கே இவ்வளவு தெளிவாகக் கேட்டால், சுவரை ஒட்டிய கொட்டகையின் ஊதல் கேட்காமல் போக வழியே இல்லை. அது எல்லோருக்கும் புரிந்தது. சைக்கிள் மணிகள் போயின. பால்காரர் ஒரு வீட்டில் சண்டை போட்டார். ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. கம்பெனி வக்கீல் புரட்டிக்கொண்டிருந்த தாள்களைக் கீழே வைத்தார். வேர்வை சொட்டியும் யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. நீதி கேட்க வந்தவர்களும் மறைக்க வந்தவர்களும் ஒரு சாதாரணக் காலை நேரத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இனி நடக்கப்போவது எல்லோருக்கும் தெரியும். கம்பியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் எத்தனையோ கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாய்லரின் இரைச்சல் மாறியது. அதற்கு மேலே, மெல்லிசாக, ஒரு குரல் இழுத்தது. நான் 'யாரோ' என்று கோர்த்த அதே குரல்.

அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். "அது அவரு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வெடித்தது. அந்தச் சின்ன மிஷினிலிருந்து வந்த சத்தத்துக்கே பின் பெஞ்சில் இரண்டு பேர் தலையைக் குனிந்து கைகளால் மூடிக்கொண்டார்கள். பிறகு கேட்டதை நான் எழுதப்போவதில்லை. அக்காவும் எழுதவில்லை. கம்பி தீர்ந்து உருளை வெறுமே சுற்றியது. முடிச்சுச் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை, அலைச் சத்தமும் நடுவில் அறுபடவில்லை. அபாய ஊதலும் வரவில்லை.

அதிகாரி, "என்னம்மா சொன்னீங்க?" என்று அஞ்சலையைக் கேட்டார்.

"அது எங்க வூட்டுக்காரரு கொரலு, சாமி. 'ஓடுங்கடா'ன்னு கத்துறாரு."

"கடற்கரை ஓரம். எந்த மீன்காரன் எதற்குக் கத்தினானோ" என்றார் கம்பெனி வக்கீல்.

"பன்னெண்டு வருசம் அந்தக் கொரலோட குடும்பம் பண்ணிக்கீறேன். எனுக்குத் தெரியாதா?"

அதிகாரி அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். அக்கா திருப்பிச் சுற்றிப் போட்டார். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. இன்னொரு முறை போட்டார். ஏதோ ஒரு 'ஓ'. மூன்றாம் முறை, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஓ...டுங்கடா. ஓ...டுங்கடா. மூன்றாவது 'ஓ' முடியவில்லை.

பின் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். வயதானவர். "அது முனுசாமிதாங்க. ஊதல் ரெண்டு மாசமா ரிப்பேருங்க. அவன்தான் வாயாலயே கத்துனான். அதைக் கேட்டுத்தான் நான் ஓடினேன். கைநாட்டு வெச்சது பொய்யிங்க." அவர் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அந்த பெஞ்சு காலியாகி, பதினாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே படிக்கட்டில் அக்கா உட்கார்ந்துவிட்டார். ஜெயித்த முகமாக இல்லை.

"அந்த இடத்தை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன் தம்பி. எனக்கு அது வெறும் சத்தமாத்தான் கேட்டுச்சு. அவளுக்கு ஆளாக் கேட்டுருக்கு." மடியிலிருந்த உருளையைப் பைக்குள் வைத்துவிட்டு, "கேக்கத் தெரியும்னு நெனச்சுகிட்டு இருந்தேன்" என்றார்.

மறுநாள் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். ப்ரூஃபை எடுத்து, 'தூரத்தில் யாரோ கூப்பிடும் குரல்' என்ற வரியில் 'தூரத்தில் யாரோ கூப்பிடும்' என்பதை அடித்தார். ஓரத்தில் என்ன எழுதினார் என்பதை அஞ்சலைக்கு வாசித்துக் காட்டி, "போடலாமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். நான் பழைய எழுத்துகளைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கோர்த்தேன்: 'முனுசாமியின் குரல், மூன்று முறை.' அவர் அச்சடித்த ஏடுகளில் ஒரு மனிதரின் பெயர் வந்தது அது ஒன்றில்தான். எப்போதும் நாற்பது பிரதி போடுகிறவர் அன்றைக்கு இருநூறு போடச் சொன்னார். என் முதலாளி, அந்த ஹாலிலிருந்து முதல் ஆளாக எழுந்துபோனவர், அன்று சட்டையைக் கழற்றிவிட்டு அச்சு மிஷினைத் தானே மிதித்து ஓட்டினார்.

முனுசாமி மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. மூன்று குடும்பங்களுக்கும் இழப்பீடு கிடைத்தது. பதினாலு பேரையும் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்றும் உத்தரவாயிற்று. அண்ணனுக்கு அந்தத் தொழிற்சாலையின் வியாபாரம் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் தங்கையோடு பேசவில்லை. ஆனால் மாடியைக் காலி செய்யவும் சொல்லவில்லை. மூன்று நாலு வருஷம் கழித்து அக்கா தூத்துக்குடிக்கே திரும்பிப் போனார். ரயிலடிக்கு வந்து மிஷினை ஏற்றிவிட்டது அண்ணன்தான். கம்பிகள் பிறகு என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த விசாரணை அறை இல்லை. அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு பகல். உத்தரவுப்படி தொழிற்சாலையில் புது பாய்லருக்குப் புது அபாய ஊதல் வைத்தார்கள். சோதித்துப் பார்க்கப்போகிறார்கள், ஜனங்கள் பயப்பட வேண்டாம் என்று தெருவெல்லாம் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். நாங்களும் போனோம். சந்து நிறையக் கூட்டம்.

"மிஷினை இட்டாரட்டுமாம்மா?" என்று கன்னியப்பன் கேட்டார்.

"வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு, அக்கா கூட்டத்தில் அஞ்சலையைத் தேடிப் பிடித்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஊதல் கிளம்பியது. காகங்கள் மொத்தமாக எழும்பின. குழந்தைகள் வீறிட்டன. பல்லெல்லாம் கூசியது. கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று கரையைப் பார்த்தார்கள். அது ஓயும்வரை அஞ்சலை கூரைக்கு மேலே அந்தப் பித்தளைக் குழாயையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கத்துதுக்கா" என்றாள். "அவரு தொண்டை இதுல கால்வாசி கூட இருக்காது. அதை வெச்சுக்கினு பதினாலு பேரை வெளிய தொரத்திக்கீறாரு பாரேன்."